கும்பகோணத்துத் தை மாதக் காலை: மீட்டர் காட்டுவது பனியையா, புகையையா?

மார்கழி பாதி கடந்ததிலிருந்து மாசி முடியும் வரைக்கும், கும்பகோணத்தில் ஒரு மொட்டை மாடியில் காற்று அளக்கும் சின்ன மீட்டரை வைத்துப் பார்த்தால், பெரும்பாலான நாட்களில் கோடு ஒரே மாதிரிதான் போகும். பின்னிரவில் மெதுவாக ஏற ஆரம்பித்து, வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரத்தில் வேகம் பிடித்து, ஆறரை ஏழு மணிக்கு உச்சத்தில் நிற்கும். வெயில் உறைக்க ஆரம்பித்ததும் சரசரவென்று இறங்கி மத்தியானம் பச்சைக்கு வந்துவிடும். சாயந்திரம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடி ஒரு ஏற்றம்.

இந்தக் கோட்டை வாட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு விதமான பதில் வரும். "நம்ம ஊரும் டெல்லி ஆயிடுச்சு" என்று ஒரு கூட்டம். "அது வெறும் பனி தம்பி, மீட்டருக்கு என்ன தெரியும்" என்று இன்னொரு கூட்டம். இந்த ஆய்வு அந்த இரண்டு பதிலையும் பிரித்துப் பார்ப்பதற்காக எழுதியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலை எண்ணில் ஒரு பங்கு ஈரத்தால் ஊதியது, அது உண்மைதான். ஆனால் ஒட்டிக்கொள்ளப் புகை இல்லாவிட்டால் அந்த ஈரம் எண்ணை அவ்வளவு தூரம் ஏற்றாது. இங்கே காற்றின் எண்ணை வானிலையோடு சேர்த்துப் படிக்காதவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறுவார்கள், அதில் "வெறும் பனி" என்று ஒதுக்கித் தள்ளுகிற ஏமாற்றம்தான் அதிக ஆபத்தானது என்பது என் கருத்து.

இடமும் கருவியும்

கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் நெருக்கமாகக் கட்டப்பட்ட ஊர். நாலு பக்கமும் வயல். பெரிய தொழிற்சாலைப் புகைபோக்கி எதுவும் ஊருக்குள் இல்லை, அதனால்தான் இங்கே காற்று கெட்டுப்போகும் என்று சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. மீட்டர் இருப்பது மகாமகக் குளத்துப் பக்கம், இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சமையலறை ஜன்னலிலிருந்து தள்ளி.

கருவி லேசர் வகை. உள்ளே ஒரு சின்ன மின்விசிறி காற்றை இழுக்கிறது, லேசர் ஒளி அதன் குறுக்கே போகிறது, தூசித் துகள் கடக்கும்போது ஒளி சிதறுகிறது, அந்தச் சிதறலை ஒரு ஒளியுணரி எண்ணுகிறது. எண்ணியதை வைத்துத் துகளின் எடை இவ்வளவு இருக்கும் என்று உள்ளே இருக்கிற சில்லு கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதாவது இந்தக் கருவி எதையும் எடை போடுவதில்லை. ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. மொத்தப் பிரச்சினையும் இந்த இடத்தில்தான் ஆரம்பம்.

அரசு நிலையங்களில் வேலை வேறு மாதிரி நடக்கிறது. பழைய முறையில், வடிதாளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடை பார்த்து, காற்றை அதன் வழியே இழுத்து, திரும்பவும் அதே மாதிரி அறையில் பக்குவப்படுத்தி எடை பார்ப்பார்கள். தானியங்கி நிலையங்களில் பரவலாக இருக்கிற பீட்டா கதிர்க் கருவியில் ஒரு நாடா ஓடிக்கொண்டிருக்கும். அதில் படிகிற தூசி எவ்வளவு பீட்டா கதிரைத் தடுக்கிறதோ அதை வைத்து எடை தெரியும். உள்ளே வரும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டுத்தான் அது அளக்கும். ஆக இரண்டு முறையிலும் தண்ணீர் கணக்கில் சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். மாடியில் இருக்கிற சின்ன மீட்டருக்கு அந்த வசதி கிடையாது.

தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தின் கையால் அளக்கும் நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளவு எடுப்பது வழக்கம். டெல்டாவின் தலைவாசலான திருச்சியில் காந்தி மார்க்கெட், மெயின்கார்டு கேட் மாதிரியான இடங்களில் இப்படிப் பல வருடமாக அளந்து வருகிறார்கள். 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, தூத்துக்குடியோடு திருச்சியும் இருக்கிறது. கும்பகோணம் அளவு ஊர்கள் அந்தப் பட்டியலில் வருவதில்லை. திருச்சி நல்ல அகலமான ஊர், மேற்கேயிருந்து காற்று நன்றாக அடிக்கிற ஊர். அங்கே எடுத்த எண்ணை வைத்து இங்கே தை மாதம் ஏழு மணிக்கு ஒரு சந்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

வருடம் முழுக்கக் காற்று எப்படிப் போகிறது

டெல்டாவில் மாசை முடிவு செய்வதில் பாதி வேலை காற்றுடையது. ஆனி, ஆடியில் மேல்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர், திருச்சி என்று வீசிக்கொண்டு வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் புகை எங்கே தங்கும்? மண் தூசி பறக்கும், கண்ணில் விழும், ஆனால் நுரையீரலின் ஆழம் வரை போகிற நுண்துகள் அந்த மாதங்களில் தேங்குவதில்லை. கோடையில் பிற்பகலுக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்து ஊரைக் கழுவிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மழை பெரிய துகளைச் சுலபமாக அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்துகளை மழைத்துளி அவ்வளவு எளிதாகப் பிடிப்பதில்லை, அது துளியைச் சுற்றிக்கொண்டு நழுவிவிடும். இருந்தாலும் மேகம், காற்று, நனைந்த குப்பை எரியாதது எல்லாம் சேர்ந்து அந்த மாதங்களில் எண் தாழ்ந்தே இருக்கும்.

அப்புறம் மழை ஓய்கிறது. தெளிந்த வானம், அசையாத காற்று, தண்ணீர் நிற்கிற வயல், நீண்ட இரவு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிவைத்தது இந்தக் காலத்தைத்தான். மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் அதோடு குளிர்கிறது, ஆனால் அதற்கு மேலே இருக்கிற காற்று அவ்வளவு குளிர்வதில்லை. வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டியது இங்கே தலைகீழாகிவிடுகிறது. கீழே குளிர்ந்து கனத்த காற்று, மேலே இளஞ்சூடான காற்று. கீழ்க்காற்று மேலே ஏற வழியே இல்லை.

இதைப் பார்க்கக் கருவி தேவையில்லை. தை மாதம் காலை ஆறேகால் மணிக்கு ஊரின் ஓரத்தில், வாய்க்கால் கரையில் யாராவது சருகையும் பாலித்தீன் பையையும் கூட்டிக் கொளுத்தியிருந்தால் அந்தப் புகையைக் கவனியுங்கள். நேராக மேலே எழும், தென்னை மரத்துக் குருத்து உயரம் வரை ஒழுங்காகப் போகும், அதற்கு மேல் ஏறாமல் அப்படியே படுத்துவிடும். படுத்த புகை ஒரு தட்டையான பட்டையாகி, வயல்மேல் நீளமாக நகர்ந்து, பக்கத்துத் தெருவின் ஓட்டு வீடுகளுக்கு நடுவில் இறங்கும். எட்டரை மணிக்கு அதே இடத்தில் அதே குப்பையைக் கொளுத்தினால் புகை கலைந்து மேலே போய்விடும். எரிந்தது ஒரே குப்பைதான், மாறியது மேலே இருக்கிற மூடி.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். காலையில் புகை கலக்கக் கிடைக்கும் உயரம் 150 மீட்டர், நடுப்பகலில் 1,200 மீட்டர். ஊர் விடுகிற புகை இரண்டு நேரமும் ஒரே அளவாக இருந்தாலும் காலையில் அதன் அடர்த்தி எட்டு மடங்கு. ஒரு வண்டிகூடக் கூடாமல், ஒரு அடுப்புகூடக் கூடாமல் வருகிற எட்டு மடங்கு இது. இந்த மூடி இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஆதாரம் தேடுகிறவர்களுக்குக் காரைக்கால் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அங்கேயிருந்து பலூன் விடுகிறது, காலை ஐந்தரை மணிக் கணக்கில் எடுக்கிற வெப்பநிலை வரைவு இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. காரைக்கால் கடலோரம் என்பதால் அங்கே தலைகீழ் அடுக்கு கொஞ்சம் மங்கலாக இருக்கும், உள்ளே தள்ளியிருக்கிற கும்பகோணத்தில் அதைவிடக் கெட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு. காலை உச்சம் அதிகமான நாட்களின் வரைவை எடுத்துப் பார்த்தால், கீழே முதல் சில நூறு மீட்டரில் கோடு வலப்பக்கம், அதாவது சூடு கூடுகிற பக்கம், சாய்ந்திருப்பது கண்ணில் படும்.

சரி, அப்போது பனியின் பங்கு எவ்வளவு?

மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் உப்பு நீர் விட்டுக்கொள்ளும் இல்லையா, அதே வேலை காற்றிலும் நடக்கிறது. சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் கரைய ஆரம்பிக்கும். புகையிலிருந்தும் உர அம்மோனியாவிலிருந்தும் காற்றில் உருவாகிற அம்மோனியம் சல்பேட் சுமார் 80 சதவீதத்தில். இந்தத் துகள்கள் தண்ணீரை இழுத்துப் பருக்கும்போது விட்டம் ஒன்றரை மடங்கானால் கன அளவு மூன்று மடங்கைத் தாண்டும். லேசருக்குத் தெரிவது பருத்த உருவம்தான். உள்ளே இருக்கிற உண்மையான அழுக்கு எவ்வளவு, மேலே ஒட்டிய தண்ணீர் எவ்வளவு என்று பிரிக்க அதற்குத் தெரியாது. மூடுபனி இறங்கிவிட்டால் இன்னும் மோசம், பனித்துளியையே தூசி என்று எண்ணும். தை மாதக் காலையில் இங்கே ஈரப்பதம் 90-க்கு மேல் போவது சர்வசாதாரணம்.

அதனால் "வெறும் பனி" என்கிறவர்கள் ஆதாரமில்லாமல் பேசவில்லை. ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது, நாங்கள் மூன்று வழியில் பார்த்தோம்.

முதலாவது, ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை. ஈரப்பதம் தை மாதத்தில் இருக்கிற அதே உச்சத்தில் இருக்கும், சுவரெல்லாம் வியர்த்திருக்கும், துவைத்த துணி காயாது. மீட்டரோ பச்சையிலேயே உட்கார்ந்திருக்கும். ஈரம் மட்டுமே எண்ணை ஏற்றுகிறது என்றால் இந்தக் காலைகளிலும் சிவப்பு காட்டியிருக்க வேண்டும். காட்டுவதில்லை. தண்ணீர் ஒட்டிக்கொள்ளத் துகள் வேண்டும், மழை நாளில் அது குறைவு.

இரண்டாவது, ஒரே இரவுக்குள் பார்ப்பது. தை மாதம் நடுராத்திரி தாண்டியதும் ஈரப்பதம் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கிறது. மீட்டர் எண் மட்டும் நான்கரை ஐந்து வரைக்கும் மெதுவாக நகர்ந்துவிட்டு அதற்கு மேல் திடீரென்று தாவுகிறது. அந்தத் தாவல் வரும் நேரம், ஊர் எழுந்திருக்கும் நேரம். வெந்நீர் அடுப்பு பற்றவைக்கிறார்கள், டீக்கடை பாய்லர் புகைகிறது, பேருந்து நிலையத்தில் முதல் வண்டிகள் இன்ஜினை ஓடவிட்டு நிற்கின்றன, தெருக் கூட்டிய குவியல்கள் எரிகின்றன. இதில் ஒரு எச்சரிக்கை: மூடுபனி இறங்குவதும் பெரும்பாலும் அந்த நேரம்தான், அதனால் பனி மூடிய நாட்களை இந்த ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். மாடியிலிருந்து சாரங்கபாணி கோயில் ராஜகோபுரம் தெளிவாகத் தெரிகிற காலைகளை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தாலும் அந்தத் தாவல் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, திருத்தச் சூத்திரம். பர்ப்பிள்ஏர் என்கிற இதே வகைக் கருவிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அரசு நிலையங்களோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரம் தந்திருக்கிறது: மீட்டர் எண்ணை 0.524-ஆல் பெருக்கு, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. மீட்டர் 100 (கன மீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்) காட்டி ஈரப்பதம் 90 சதவீதமாக இருந்தால் திருத்திய எண் 50-ஐ ஒட்டி வரும். அது அமெரிக்கக் காற்றுக்குப் போட்ட சூத்திரம். வைக்கோல் புகையும் விறகுப் புகையும் கடல் உப்பும் கலந்த நம்ம ஊர்க் காற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, மூடுபனிக்குள் அது வேலைக்கே ஆகாது. ஆனாலும் ஒன்று தெரிகிறது: எண்ணைப் பாதியாக வெட்டிப் போட்டாலும் காலைக்கும் மத்தியானத்துக்கும் இருக்கிற பெரிய இடைவெளி மறைவதில்லை.

இதே கருவி எதிர்ப்பக்கமும் தவறு செய்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. இந்த வகை லேசர் மீட்டர்கள் பெரிய துகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. சம்பா அறுப்பு நடக்கும்போது நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். களத்தில் அம்பாரமாக நெல், தூற்றுகிற மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், கருக்காயும் சுணையும் தூசியுமாகக் காற்று மஞ்சளாகத் தெரியும், மூட்டை தைக்கிற ஆட்கள் துண்டை மூக்கோடு சுற்றிக் கட்டியிருப்பார்கள். மீட்டரை அங்கே கொண்டுபோய் வைத்தால் கண் முன்னால் தெரிகிற அந்தத் தூசிக்கு ஏற்ற எண் வராது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதற்காக விவசாயி சாலையிலும் களத்திலும் பரப்பிக் காயவைத்துக் கிளறிக்கொண்டே இருக்கிறார், ஈரமான வருடத்தில் அந்தத் தூசி நாட்கணக்கில் நீளும். பனியைப் புகை என்று காட்டும் அதே கருவி, அந்த ஆட்கள் சுவாசிக்கும் தூசியைக் குறைத்துக் காட்டுகிறது.

சீசன் முடிந்து கருவியைப் பிரித்தபோது காற்று நுழைகிற துவாரத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு படிவு. அதைத் தேய்த்தால் விரலில் கரி. அதற்குள் நெல் சுணையின் பொன்னிறத் துண்டுகளும் சிக்கியிருந்தன. நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இதை வைத்து எந்த எண்ணும் சொல்ல முடியாது, ஆனால் வெறும் பனி கரியாகப் படியாது.

யாருடைய புகை

அறுவடை நேரம் என்றாலே வைக்கோல் எரிப்பைக் கைகாட்டுவது எளிது, வடக்கே பஞ்சாப் செய்திகளைப் பார்த்த பழக்கம். டெல்டாவில் நிலைமை அப்படி இல்லை. இங்கே வைக்கோலுக்கு விலை உண்டு. அறுப்பு மெஷின் போன பின்னால் கட்டு கட்டும் மெஷின் வந்து சுருட்டிக்கொடுக்கிறது, லாரி லாரியாக மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. மழையில் நனைந்து கறுத்த வைக்கோல், உளுந்து தெளிக்காமல் விட்ட வயலின் தாள், இவை சில இடங்களில் எரிகின்றன. அந்தப் புகை சாயந்திரம் எழுந்தால் இரவு முழுக்கத் தங்கும். ஆனால் ஊருக்குள் தினமும் காலையில் ஏறும் எண்ணுக்கு அதை முதல் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

என் கணிப்பில் முதலிடம் குப்பைக்கு. ஒவ்வொரு தெருமுனையிலும் சின்னச் சின்னக் குவியல், சருகு, தேங்காய் மட்டை, பாலித்தீன், பழைய துணி. சிறிய தீ, சூடு போதாத தீ, அதனால் அதிகப் புகை. இதைச் செய்யக் கூடாது என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. அதே வருடம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. எந்தத் தெருவிலும் அதைப் பற்றிப் பயந்து யாரும் தீக்குச்சியைக் கீழே போட்டதாக நான் பார்த்ததில்லை. திருச்சி அரியமங்கலத்தில் மலையாகக் குவிந்த குப்பை தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை அந்தப் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே நடப்பது அதே காரியம், ஊர் முழுக்கத் துண்டு துண்டாகப் பிரித்து.

அடுத்து செங்கல் காளவாய். களிமண் கிடைக்கிற ஆற்றோரமெல்லாம் மழை ஓய்ந்ததும் கல் அறுத்து, அடுக்கி, விறகு போட்டு மூட்டுகிறார்கள். ஒருமுறை மூட்டினால் நாட்கணக்கில் எரியும், இரவில் நிறுத்த முடியாது. மழையில்லாத மாதம்தான் காளவாய்க்கு ஏற்ற மாதம், அதுவே மூடி விழுகிற மாதமும். வேலையின் பருவமும் வானிலையின் பருவமும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவது யாருடைய தவறும் இல்லை, ஆனால் மூட்டும் நாளைக் கொஞ்சம் நகர்த்துவதற்கு இடம் உண்டு.

போகியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வருடத்தில் மூடி மிகக் கெட்டியாக இருக்கும் காலத்தில், அதுவும் விடியலுக்கு முன்னால், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தீ மூட்டுகிறோம். பழைய பாயும் முறமும் எரிந்த காலத்தில் அது ஒரு மாதிரி, இப்போது டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் சேர்கிறது. 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் தரையிறங்க முடியாமல் தடுமாறின. தீபாவளியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். தீபாவளி பருவமழைக்குள் வருகிறது, அன்று மேகமோ மழையோ காற்றோ இருந்தால் பட்டாசுப் புகை சீக்கிரம் கலைந்துவிடும், வானம் தெளிந்து காற்று நின்றுபோன தீபாவளி மட்டும் மோசமாகும். போகிக்கு அந்த மாதிரித் தப்பிக்கிற வாய்ப்பு பெரும்பாலான வருடங்களில் கிடையாது.

இவ்வளவும் உள்ளூர்ப் புகை. வெளியூரிலிருந்து வருவதும் உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கேயிருந்து வங்காள விரிகுடா வழியாகப் புகைமூட்டம் தெற்கே நகர்கிறது. 1999-ல் வி. ராமநாதன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் நடத்திய இந்தோயெக்ஸ் ஆய்வு, ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் அந்தப் பழுப்பு மூட்டம் இந்தியப் பெருங்கடல் வரைக்கும் பரவியிருந்ததைக் காட்டியது. பெரிய காலநிலைச் சுழற்சியும் இதில் கை வைக்கிறது. லா நினா (பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்துபோகிற நிலை) தொடர்ந்து மூன்று வருடம் நீடித்த 2022–23 குளிர்காலத்தில் வட இந்திய நகரங்களில் காற்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் தேறியது, தீபகற்பத்து நகரங்களில் மோசமானது. காற்று மாசு விஞ்ஞானி குஃப்ரான் பேக் தலைமையிலான ஆய்வு இதற்கு அந்த வருடத்து வேகமான வடதிசைக் காற்றைக் காரணமாகக் காட்டியது. அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோ வருடங்களில் நமக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் போக்கு உண்டு, லா நினாவில் குறையும். மழை சீக்கிரம் முடிகிற வருடத்தில் மூடி விழும் காலம் நீளும். அதனால் ஒரு வருடத்து எண்ணை அடுத்த வருடத்து எண்ணோடு வைத்து "மாசு குறைந்துவிட்டது" என்றோ "கூடிவிட்டது" என்றோ அறிவிப்பதற்கு முன்னால் அந்த இரண்டு வருடத்து வானமும் ஒன்றுதானா என்று கேட்க வேண்டும்.

சராசரிக்குள் காணாமல் போகும் மூன்று மணி நேரம்

2009-ன் இந்தியத் தர அளவுப்படி இரண்டரை மைக்ரான் நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15, 5. காற்றுத் தரக் குறியீடும் 24 மணி நேரச் சராசரியை வைத்துத்தான் நிறம் கொடுக்கிறது.

இப்போது ஒரு உதாரணக் கணக்கு. காலை மூன்று மணி நேரம் காற்றில் 150, மீதி 21 மணி நேரம் 30. கூட்டி வகுத்தால் சராசரி 45. இந்திய வரம்புக்குள் வந்துவிட்டது, குறியீட்டில் "திருப்தி" என்று வரும். ஆண்டுச் சராசரிக்குப் போனால் ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்து இதை இன்னும் கீழே இழுத்துவிடும். கணக்கில் தப்பு எதுவுமில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் தெருவில் இருப்பவர்கள் சராசரியைச் சுவாசிப்பதில்லை. தெருக் கூட்டும் தூய்மைப் பணியாளர், கோலம் போடுகிற பெண்கள், பேப்பர் போடும் பையன், டியூஷனுக்கு சைக்கிளில் போகும் பிள்ளைகள், மார்கழி பஜனைக்கு நடக்கும் பெரியவர்கள், சர்க்கரைக்காக டாக்டர் சொன்னார் என்று மகாமகக் குளத்தைச் சுற்றி வேகமாக நடப்பவர்கள். நுரையீரலுக்கு அதிகக் காற்று வேண்டிய வேலையை ஊரின் மிக மோசமான நேரத்தில் செய்கிறவர்கள் இவர்கள்தான். காற்று மாசு என்று பேசும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தூய்மைப் பணியாளர். குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அவர், துணி முகக்கவசம்கூட இல்லாமல்.

ஆஸ்துமா, மூச்சிரைப்பு இருப்பவர்கள் தை மாசியில் நடையை மாலை நான்கிலிருந்து ஐந்தரைக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆறு மணிக்கு மேல் தரை குளிர ஆரம்பித்து மூடி திரும்பவும் விழும். காலையில்தான் முடியும் என்றால் எட்டரைக்கு மேல் போவது நல்லது. இது தனியாள் செய்துகொள்வது. வேலைக்காக ஐந்து மணிக்கே தெருவில் நிற்கிறவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, அவருக்காகப் புகையைத்தான் குறைக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது

குப்பை எரிப்பை முழுதாக நிறுத்துவதுதான் சட்டம். அது நடக்கும்வரை காத்திருக்காமல், தை மாசியில் மாலை ஐந்திலிருந்து காலை ஒன்பது வரை ஒரு தீக்குச்சிகூடக் கூடாது என்று வார்டு அளவில் கண்டிப்பாக நின்றாலே பெரிய மாற்றம் தெரியும். காளவாய் மூட்டும் நாளுக்கும் இதையே பார்க்கலாம்: காற்று நின்றுபோகும் என்று வானிலை முன்னறிவிப்பு சொல்லும் நாட்களில் புதிதாக மூட்டாமல் இரண்டு நாள் தள்ளிப்போடுவது.

அளப்பதில் அவசரமாக வேண்டியது ஒப்பீடு. இந்தச் சின்ன மீட்டர்களில் இரண்டு மூன்றைத் திருச்சியில் ஏதாவது ஒரு தானியங்கி அரசு நிலையத்துக்குப் பக்கத்தில் தை மாதத்தில் சில வாரம், ஆடியில் சில வாரம் வைத்து, ஈரப்பதத்தோடு சேர்த்துப் பதிந்து, நம் டெல்டாக் காற்றுக்கான திருத்தக் கணக்கை எடுக்க வேண்டும். அதன் பிறகு அதே மீட்டர்களைக் கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று கொண்டுபோகலாம். கல்லூரி இயற்பியல் துறைகளுக்கு இது ஒரு மாணவர் திட்டமாகவே செய்யக்கூடிய வேலை. முடிவை நாள் சராசரியாக மட்டும் போடாமல் மணிக்கணக்கில், பக்கத்திலேயே ஈரப்பதமும் காற்றின் வேகமும் தெரிகிற மாதிரிப் போட வேண்டும்.

இதற்கு ஒரு கெடுவும் இருக்கிறது. அடுத்த மகாமகம் 2028-ல். மகாமகம் வருவது மாசியில், இந்த மூடி இன்னும் விலகாத மாதத்தில். லட்சக்கணக்கான பேர் விடியலிலிருந்தே குளத்தைச் சுற்றி நிற்பார்கள், முதியவர்கள் நிறைய இருப்பார்கள், அன்னதான அடுப்புகளும் ஜெனரேட்டர்களும் பேருந்துகளும் ஒரே இடத்தில் கூடும். எந்த மணிநேரத்தில் காற்று எப்படி இருக்கும், தற்காலிகப் பேருந்து நிலையங்களை எந்தத் திசையில் போட்டால் புகை குளத்துப் பக்கம் வராது, சமையல் கூடங்களுக்கு விறகைத் தவிர்த்து எரிவாயு கொடுக்க முடியுமா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல, அதற்கு முன்னால் கிடைக்கிற ஒவ்வொரு தை மாசியின் அளவும் கையில் இருக்க வேண்டும். மொட்டை மாடியில் இடமும் ஒரு மின் இணைப்பும் வைஃபையும் தரக்கூடியவர்கள் குளத்தின் நான்கு கரையிலும் ஒவ்வொருவர் கிடைத்தால் போதும், அளவெடுப்பை இந்தப் பனிக்காலத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.